ஒற்றைக் கை வைத்த வெள்ளைக் கவுன்

புதிதாகச் சேனல் ஆரம்பித்திருக்கும் உங்களுக்கு,

உங்கள் மாதக் கூட்டத்துக்கு வந்து 'ஒர்க்-லைஃப் பேலன்ஸ்' பற்றிக் கொஞ்ச நேரம் பேசச் சொன்னீர்கள். அடையாறில் ஏ.சி. ஹால், மைக், பின்னால் ஒரு பேனர், அதில் பெரிய எழுத்தில் என் பெயர். பேனரின் மாதிரியை அனுப்பினீர்களே, அதைப் பார்த்ததுமே ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான் பிளஸ் டூ வரை படித்தவள். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் முந்தானை நுனியைப் பிடித்துத் திருக ஆரம்பித்துவிடுவேன். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் என் முகம் ஒரு வீடியோவில்கூட வந்ததில்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கலாம் என்பதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். அதனால் எழுதி அனுப்புகிறேன். உங்களில் யாராவது ஒருவர் படித்துவிடுங்கள். படிக்கும்போது பின்னணியில் சோக மியூசிக் போட வேண்டாம்.

அந்தத் தலைப்பைப் பற்றி முதலில் ஒன்று. பேலன்ஸ் பார்க்க இரண்டு தட்டு வேண்டும். நாம் வீட்டைத் தூக்கி அப்படியே வேலைத் தட்டில் வைத்துவிட்டு, இன்னொரு தட்டு ஏன் காலியாக ஆடுகிறது என்று கூட்டம் போட்டுக் கேட்கிறோம். நான் இப்போது ராயப்பேட்டையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். ராத்திரி ஆனால் முதலாளி ஷட்டரை இழுத்துப் பூட்டுவார். அதற்கப்புறம் கண் தெரியாதவர் யாராயிருந்தாலும் மறுநாள்தான் வரவேண்டும். படுக்கையறையில் ரிங் லைட் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு ஷட்டர் எங்கே இருக்கிறது? 'எனக்கு நானே முதலாளி' என்று உங்களில் பாதிப் பேர் ப்ரொஃபைலில் எழுதி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் உங்களை நடத்துகிற மாதிரி வேறொருவர் உங்களை நடத்தியிருந்தால், லேபர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்திருப்பீர்கள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

என் தங்கை ஸ்டெல்லா நன்றாகத் தைப்பாள். நான் மயிலாப்பூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தேன். ஸ்டுடியோவை மூடியதும் சாந்தோமில் ஸ்டெல்லாவின் வீட்டிலேயே இருவரும் சேர்ந்து ஒரு தையல் சேனல் ஆரம்பித்தோம். அவள் தைத்துக்கொண்டே பேசுவாள். நான் படம் பிடித்து, வெட்டி, ஒட்டி, ஏற்றுவேன். அவள் முகமும் வராது. தையல் மிஷினும் அவள் விரல்களும் வளையலும்தான் வரும். ஒருநாள் வளையலை மாற்றிப் போட்டுவிட்டாள் என்பதற்காக, "சிஸ்டர், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?" என்று கமெண்டில் கேட்டிருந்தார்கள். எவ்வளவு அன்பு என்று இருவரும் பூரித்துப் போனோம்.

ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு ஜாக்கெட். கழுத்து, முதுகு, இரண்டு கை, கொக்கி எல்லாம் வைத்து முழுதாகத் தைப்பாள். படம் பிடித்த பிறகு அக்கம்பக்கத்தில் யாராவது வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அப்போது பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் ஸ்டெல்லா ராத்திரி தூங்கினாள்.

பிறகு தி. நகரில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த வகுப்புக்குப் போனோம். நடத்தியவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். உங்களில் சிலர் அவரிடம்தான் இப்போது படித்துக்கொண்டிருப்பீர்கள். வாய்க்கு வாய் 'கன்சிஸ்டன்சி' என்பதால் நாங்கள் அவரைக் கன்சிஸ்டன்சி சார் என்போம். அவருக்கென்று ஒரு சேனல் ஓடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. சேனலை ஓட்டுவது எப்படி என்ற வகுப்பு மட்டும் ஓஹோவென்று ஓடியது.

எங்கள் வீடியோ ஒன்றைத் திரையில் போட்டு, பாதியில் நிறுத்தினார்.

"சிஸ்டர், லெஃப்ட் ஸ்லீவ் தைச்சு முடிச்சிட்டீங்க. அப்புறம் ரைட் ஸ்லீவ் எதுக்குத் தைக்கிறீங்க?"

ஸ்டெல்லா எழுந்து, "போட்டுக்கறதுக்கு சார்" என்றாள்.

ஹாலே சிரித்தது.

"யாரு போட்டுக்கப் போறா? வ்யூவருக்கு ஒரு ஸ்லீவ் போதும். 'இன்னொரு பக்கமும் இதே மாதிரி தைத்துக்கொள்ளுங்கள்'னு ஒரு வரி சொல்லிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்க்கினே இருங்க. நீங்க டெய்லரா, கிரியேட்டரா? முதல்ல அத முடிவு பண்ணுங்க."

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது முடிவு பண்ணிவிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தத் துணிக்கும் இரண்டாவது கை முளைக்கவில்லை. படகுக் கழுத்து ஜாக்கெட், ஒரு கை. பஃப் வைத்த ஜாக்கெட், ஒரு கை. சுடிதார் டாப், ஒரு கை. தினம் ஒரு வீடியோ ஏறியது. பீரோ முழுக்க ஒற்றைக் கைத் துணிகள் தொங்கின. அவற்றைக் கொடுக்கவும் ஆளில்லை, போடவும் ஆளில்லை.

ஸ்டெல்லாவின் கணவர் சேவியர், பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். ஒருநாள் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாடி இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி கீது? என் பேன்ட்ட கிழிஞ்சுதுன்னு உன்னாண்ட குடுத்தேனே, அதுக்காச்சும் ரெண்டு காலு கீதா, இல்ல அதுவும் வ்யூவருக்கு ஒண்ணு போதுமா?"

"போய்யா, வேலைய பாத்துக்கினு" என்றாள் ஸ்டெல்லா. ஆனால் சிரிக்கவில்லை. அந்தச் சமயத்தில் அவள் சிரிப்பது வீடியோவின் ஆரம்பத்தில், குரலில் மட்டும்தான்.

அவர்கள் மகள் ஜாய்ஸ், நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். கவுன், பாவாடைச் சட்டை எல்லாம் அவளுக்குப் போட்டுத்தான் முகப்புப் படம் எடுப்போம். தைத்த பக்கம் மட்டும் கேமராவில் விழும்படி திரும்பி நிற்க வேண்டும். கெட்டிக்காரப் பெண். சீக்கிரமே பழகிவிட்டாள். உடுப்பை மாட்டிக்கொண்டு வந்ததும், "எந்தப் பக்கம் பெரிம்மா?" என்று கேட்பாள். "லெஃப்ட்" என்றால், தைக்காத தோள் சுவரோரம் மறைகிற மாதிரி அழகாகத் திரும்பி நிற்பாள். நடிகைகள்கூட இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று நாங்கள் பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

தினம் ஒரு வீடியோ என்று ஆனபிறகு ஸ்டெல்லாவின் வலது மணிக்கட்டு வீங்கியது. கத்தரிக்கோலை அழுத்தினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அது ஒன்றும் பெரிதில்லை, வேறொன்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேமரா இல்லாத நேரத்திலும் அவள் விளக்கம் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அடுப்படியில் தனியாக நின்றுகொண்டு, "இப்ப கடுகு போடறோம், நல்லா பொரியட்டும்" என்பாள். ஜாய்ஸுக்குத் தலை பின்னும்போது, பின்னலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவாள். யாருக்குக் காட்டினாள் என்று தெரியவில்லை.

டாக்டர், மணிக்கட்டுக்கு முழு ஓய்வு வேண்டும் என்றார். கன்சிஸ்டன்சி சாரிடம் சொன்னோம்.

"தாராளமா ரெஸ்ட் எடுங்க சிஸ்டர். ஆனா சொல்லாம எடுக்கக் கூடாது. ஒரு பிரேக் வீடியோ போடுங்க. எமோஷனலா."

நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள் அந்த வகை வீடியோவை. சிலர் எடுத்தும் இருப்பீர்கள். முகத்தில் பாதி இருட்டு, தழுதழுத்த குரல், 'என்னால் முடியவில்லை நண்பர்களே'. எங்களுடையதில் முகம் கிடையாது, கட்டுப் போட்ட மணிக்கட்டு மட்டும். அதன் மேல் கண்ணீர் சொட்டினால் நன்றாக இருக்கும் என்று சார் சொல்லியிருந்தார். ஸ்டெல்லா உண்மையாகவே அழுதாள். முதல் தடவை ஃபோகஸ் சரியாக விழவில்லை.

"இன்னொரு தபா அழணுமாக்கா?" என்று கேட்டாள்.

இன்னொரு தடவை அழுதாள். அழுகைக்கு நடுவில் ஒரு வலித் தைலத்துக்கு விளம்பரமும் செய்தோம். ஓய்வு எடுப்பதற்குக்கூட ஸ்பான்சர் பிடித்த முதல் மனிதக் கூட்டம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

அதுவரை நாங்கள் போட்ட எதுவும் அந்த வீடியோவைப் போல் ஓடவில்லை. 'ரெஸ்ட் எடுங்க சிஸ்டர்' என்று எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். ஸ்டெல்லா கட்டிலில் சாய்ந்துகொண்டு, வீங்கின மணிக்கட்டோடு, ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிப் பதில் தட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் எடுத்த ஓய்வு. வாரம் முடிவதற்குள் சார் ஃபோன் செய்தார். சூடு ஆறுவதற்குள் திரும்பி வரவேண்டுமாம். கம்பேக் என்றால் ஏதாவது பெரிதாக இருக்க வேண்டுமாம்.

பெரிதாக ஒன்று வீட்டிலேயே இருந்தது. அந்த மே மாதம் ஜாய்ஸுக்குப் புதுநன்மை. குழந்தைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். எங்கள் கோயில் பங்கில் பெண் பிள்ளைகள் வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் முக்காடும் பூ வளையமும் வைத்து, வரிசையாகப் போவார்கள். பிள்ளை பிறந்த அன்றே ஸ்டெல்லா மனசுக்குள் அந்தக் கவுனைத் தைக்க ஆரம்பித்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். பாண்டி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கி, சாட்டினும் வலைத்துணியும் வாங்கினோம். முழு நீளக் கை, மணிக்கட்டருகே அகலமாக விரிந்து சுருக்கு வைத்தது. கழுத்துக்கு ஒரு வீடியோ, கைக்கு ஒன்று, பாவாடைக்கு ஒன்று, முக்காட்டுக்கு ஒன்று. மிச்சத் துணியை வீணாக்காமல் ரோஜாப் பூ செய்வது எப்படி என்று கடைசியாக ஒன்று. எல்லாம் ஏற்றியாயிற்று. கவுனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் மாட்டினோம். வீடியோ ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்பதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு.

புதுநன்மைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம். ஞானோபதேச வகுப்பு நடத்தும் கன்னியாஸ்திரி, சாயங்காலம் பிள்ளைகள் எல்லாரும் முழு உடுப்போடு ஒத்திகைக்கு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். ஸ்டெல்லா மறுநாளைக்கான வீடியோவுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜாய்ஸ் உள்ளே போய்க் கவுனை மாட்டிக்கொண்டு வந்தாள்.

இடது கை மணிக்கட்டு வரை வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கம், தோளிலிருந்து வெறும் சதை. ஓரம் அடிக்காத நூல் பிசிறு அக்குளில் தொங்கியது.

சேவியர் எழுந்து கிட்டே வந்து பார்த்தார். ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஜாய்ஸ் அவள் அருகில் வந்தாள். "ஏம்மா அழுவுற? நான் சிஸ்டராண்ட கேட்டு ரைட் சைடு வரிசைக்கு மாறிக்கறேன். சுவரோரமா போனா இந்தத் தோளு யாருக்கும் தெரியாது. ஃபாதராண்ட போறப்ப மட்டும் கொஞ்சமா திரும்பிக்கறேன்."

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?" என்று சேவியர் கேட்டார்.

"தைச்சப்பவே தெரியுமே. நம்ம வீட்டுல அப்படித்தானப்பா தைப்பாங்க."

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லாவின் ஃபோன் அடித்தது. கன்சிஸ்டன்சி சார், மறுநாள் என்ன போடப் போகிறோம் என்று கேட்க. தலைவலி என்றால்கூட அவரிடம் சொல்லிப் பழகிவிட்டவள், அழுதுகொண்டே இதையும் சொல்லிவிட்டாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"சிஸ்டர்! தைக்காதீங்க! எதையும் தொடாதீங்க! இதுதான் ரியல் கன்டென்ட். லைட் போட்டு கேமராவ ஆன் பண்ணுங்க. பாப்பா மறுபடியும் உள்ள போய்ட்டு வரட்டும். நீங்க இப்பதான் முதல் தடவ பாக்கற மாதிரி பாருங்க. பாப்பா இப்ப சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லட்டும்."

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அழுகைக்கு ஒரு பிரயோஜனம் கிடைத்துவிட்டது போன்ற தெளிவு. என்னைப் பார்த்தாள்.

"அக்கா, லைட்ட போடு."

ஜாய்ஸ் உள்ளே போவதற்குத் திரும்பிவிட்டாள். கதவருகே நின்று, "எந்தப் பக்கம் பெரிம்மா?" என்றாள்.

நான் யாரையும் எதிர்த்துப் பேசினவள் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வயர்களும் சுவிட்சும்தான். ரிங் லைட்டின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சுருட்டினேன். கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டேன்.

"இன்னாக்கா பண்ற?"

"லைட்டு போட மாட்டேன்."

"சார் லைன்ல கீறாரு."

அவரிடம் பேசுகிற தைரியம் எனக்கு அப்போதும் வரவில்லை. ஃபோனை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன். சேவியர் வாங்கி, மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்: "வணக்கம் சார். ஸ்டெல்லா வூட்டுக்காரன் பேசறேன். நீங்க ஒரு தபா நேர்ல வாங்க சார். லெஃப்ட் கன்னத்துல ஒண்ணு வுடறேன். அப்புறம் இன்னொரு பக்கமும் அதே மாதிரி பண்ணிக்கலாம்." ஃபோன் மறுபக்கத்தில் அணைந்துவிட்டது.

இனிமேல்தான் உண்மையான நெருக்கடி. துணி இல்லை. மிச்சத் துணி ரோஜாப் பூவாகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் தி. நகருக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒத்திகை முடிந்துவிடும். போனாலும் அதே வெள்ளை கிடைக்காது. வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும். கை இல்லாத கவுனைக் கன்னியாஸ்திரி உள்ளேயே விடமாட்டார்.

ஸ்டெல்லா கவுனை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை துணியை எடுத்து, கேமரா ஸ்டாண்ட் இருந்த மூலையைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தாள். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கீழே இறக்கினாள். இப்படியே நாலைந்து தடவை. பிறகு நிறுத்திவிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் ஒரு துணியைத் துணியாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். தைத்திருந்த நீளக் கையை முழங்கைப் பக்கமாக மடித்து, திருப்பி மடித்து, சாணால் அளந்தாள்.

"அக்கா, இது முழுக் கை. குறுக்கால வெட்டினா ரெண்டு அரைக் கை வரும். கீழ் பாதி அகலமா கீது, தோளுக்கு வளைச்சு எடுத்துக்கலாம்."

கையைப் பிரித்து எடுத்தாள். சாக்பீஸால் கோடு போட்டாள். கத்தரிக்கோலை அவளால் அழுத்த முடியவில்லை. என்னிடம் கொடுத்தாள். காலமெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தவள்தான் நான், ஆனால் வீடியோவைத்தான். தப்பாக வெட்டினால் ஒரு பட்டனைத் தட்டிப் பின்னால் போகலாம். சாட்டினில் அந்த வசதி கிடையாது. கத்தரிக்கோலைத் துணி மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"பேசாம வெட்டு. கோணினா கோணிக்கினு போவுது" என்றாள் தங்கை.

வெட்டினேன். கோணித்தான் போயிற்று. மிஷினில் அவள் உட்கார்ந்து தைத்தாள். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. அறையில் மிஷின் சத்தம் மட்டும் இருந்தது. சேவியர் வாசலில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு, "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு குட்டிக் கை. ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் உப்பலாக இருந்தது. வீடியோவில் அப்படி வந்திருந்தால் கமெண்டில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

ஒத்திகைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். கன்னியாஸ்திரி நன்றாகத் திட்டினாராம். மறுநாள் பூசையில் ஜாய்ஸ் இரண்டு கையோடு நற்கருணை வாங்கினாள்.

பூசை முடிந்ததும் கோயில் படியில் குரூப் ஃபோட்டோ. பிள்ளைகள் எல்லாரும் நேராக நிற்க, ஜாய்ஸ் மட்டும் வலது தோளை மறைத்து, இடப்பக்கம் காட்டித் திரும்பி நின்றாள். "பாப்பா, நேரா நில்லும்மா" என்று ஃபோட்டோக்காரர் இரண்டு தடவை சொன்னார். நேரே நிற்பாள். அவர் கேமராவைக் கண்ணில் வைத்ததும் தானாகத் திரும்பிவிடுவாள். கடைசியில் அப்படியே எடுத்துவிட்டார். ஸ்டெல்லா கூட்டத்தில் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் முழங்கையைப் பிடித்தாள்.

அன்றைக்கு நாங்கள் எதுவும் ஏற்றவில்லை. மறுநாளும் இல்லை. தினமும் ஏற்றாவிட்டால் உலகம் உங்களை மறந்துவிடும் என்று சார் சொல்லிக் கொடுத்திருந்தாரே, அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. சீக்கிரமே மறந்துவிட்டார்கள். 'நீங்க இல்லாம இருக்க முடியல சிஸ்டர்' என்று எழுதியவர்கள் வேறொரு சிஸ்டரிடம் போய் அதையே எழுதினார்கள். ஸ்டெல்லா இப்போது அக்கம்பக்கத்தாருக்குத் தைக்கிறாள். மணிக்கட்டு வலித்தால் மிஷினை மூடிவிடுகிறாள். மனசு வந்தால் எப்போதாவது ஒரு வீடியோ, முழு ஜாக்கெட், அவளே ஃபோனைச் சாய்த்து வைத்து எடுத்துக்கொள்கிறாள். படம் ஆடுகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.

உங்கள் குரூப்பில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அக்கா, பேலன்ஸுக்கு டைம்டேபிள் மாதிரி ஏதாச்சும் ஷேர் பண்ண முடியுமா?" தம்பி, டைம்டேபிள் என்னிடம் இல்லை. காலையில் தியானம், மாலையில் நடை என்று போட்டுக் கொடுத்தால், நீங்கள் தியானத்தையும் நடையையும் படம் பிடித்து ஏற்றுவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். உங்கள் பீரோவை, ஃப்ரிட்ஜை, கட்டிலுக்கு அடியில் கிடப்பதைப் போய்த் திறந்து பாருங்கள். கேமராவுக்குத் தெரிகிற பக்கம் மட்டும் முடிந்தது எத்தனை என்று பாருங்கள். பாதி வேகவைத்த பிரியாணியும், ஒரு சுவர் மட்டும் பெயிண்ட் அடித்த அறையும் உங்களிடம் இல்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். பிறகு, அந்த வீட்டில் உங்களோடு இருப்பவர்கள் எந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் களைத்துப் போயிருப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஜாய்ஸ் இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். போன வாரம் அவள் பிறந்தநாள். ஸ்டெல்லா தைத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து காட்டினாள். இரண்டு கையும் இருந்தது, ஒன்றுக்கொன்று அச்சாக. ஆசையாக இருக்கிறதே என்று ஃபோனை எடுத்தேன்.

"எந்தப் பக்கம் பெரிம்மா?" என்றாள்.

"எந்தப் பக்கமும் இல்லடி. சும்மா எப்படி வேணா நில்லு."

சிரித்தாள். இடப்பக்கம் திரும்பினாள். பிறகு வலப்பக்கம். பிறகு எனக்கு நேராக வந்து, இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.